விடுமுறையில் சரியும் கோடு

கூகுள் ட்ரெண்ட்ஸ் பக்கத்தில் ‘கிரியேட்டிவிட்டி’, ‘இன்னொவேஷன்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அடுத்தடுத்து இட்டு, இடமாக உலகம் முழுவதையும் காலமாக 2004 முதல் இன்று வரையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு கோடுகள் வருகின்றன. புத்தாக்கத்தின் கோடு மேலே, படைப்பாற்றலின் கோடு கீழே. இரண்டுமே 2004இல் இருந்த உயரத்திலிருந்து முதல் சில ஆண்டுகளில் நன்றாக இறங்கியிருக்கின்றன. இப்படியொரு படத்தைப் பார்த்ததும் இரண்டு முடிவுகள் சொல்லத் தோன்றும். மக்களுக்குப் படைப்பைவிடப் புத்தாக்கத்தில்தான் நாட்டம் அதிகம் என்பது ஒன்று. இரண்டின் மீதும் நாட்டம் குறைந்துவருகிறது என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தக் கோடுகள் நமக்குச் சொல்வது வேறொன்று. அதைச் சொல்வதற்குமுன் அவை எப்படி வரையப்படுகின்றன என்று பார்க்க வேண்டும்.

ட்ரெண்ட்ஸ் 2006இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது தேடல்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. ஓரிடத்தில் ஒரு காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு, அந்தப் பங்கு உச்சத்தில் இருந்த புள்ளியை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பச் சுருக்கிக் காட்டுகிறது. அதுவும் மொத்தத் தேடல்களிலிருந்து எடுத்த ஒரு மாதிரியை வைத்துத்தான். பங்கு என்பதால், ஒரு சொல்லைத் தேடுவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும், மற்றவற்றைத் தேடுவோர் அதைவிட வேகமாகப் பெருகினால் கோடு இறங்கும். 2004இல் இணையத்தில் இருந்தவர்களில் பல்கலைக்கழகத்தாரும் கணினித் துறையினரும் அலுவலகத்தில் மேசையும் கணினியும் வாய்த்தவர்களுமே கணிசம். அதற்குப்பின் கைபேசி வந்தது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை விழுந்தபோது, அதுவரை இணையத்தின் வாசலுக்கே வராதவர்கள் கோடிக்கணக்கில் உள்ளே வந்தார்கள். கிரிக்கெட் ஸ்கோரும் பட்டா நகலும் பேருந்து நேரமும் பாட்டுகளும் தேடப்பட்டன. பாடப்புத்தகச் சொற்களின் பங்கு சுருங்கியது. இதை நாட்டம் குறைந்ததன் அடையாளமாகப் படிப்பது, ஊருக்குள் புதிதாக வந்தவர்களைக் கணக்கில் சேர்த்துவிட்டு அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் காதில் வாங்காமல் விடுவதாகும்.

ஒரு கோடு மேலேயும் ஒன்று கீழேயும் இருப்பதற்கும் எளிய காரணங்கள் உண்டு. ‘இன்னொவேஷன்’ என்ற சொல்லை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒரே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். ‘கிரியேட்டிவிட்டி’க்கு இம்மொழிகளில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள். தேடுசொல்லாக ஒப்பிடும்போது மூன்று மொழிக்காரர்கள் ஒரு பக்கம், ஒரு மொழிக்காரர் இன்னொரு பக்கம். அடுத்த காரணம் பெரியது. ஆண்ட்ரே பிராடர் 2002இல் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான தேடல், ஏற்கெனவே தெரிந்த ஒரு தளத்துக்குப் போய்ச்சேர்வதற்கான தேடல், ஒரு காரியத்தை முடிப்பதற்கான தேடல். இன்று எத்தனை அரசுத் திட்டங்களுக்கும் கல்லூரிக் குழுக்களுக்கும் விருதுகளுக்கும் நிறுவனப் பிரிவுகளுக்கும் பெயரிலேயே ‘இன்னொவேஷன்’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவற்றின் விண்ணப்பப் பக்கத்தைத் தேடுகிறவர் ஒவ்வொருவரும் புத்தாக்கத்தில் நாட்டமுள்ளவராக அந்தக் கோட்டில் ஏறிவிடுகிறார். அவருக்கு வேண்டியது கடைசித் தேதிக்குள் படிவம் நிரப்புவது.

ஆனால் என் கண்ணை இழுத்தது கோடுகளின் உயரமல்ல, அவற்றில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் பள்ளங்கள். டிசம்பரில் இரண்டும் சட்டென்று விழுகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறையின்போது, தொய்ந்து கிடக்கின்றன. வகுப்புகள் தொடங்கும் செப்டம்பரில் எழுகின்றன. ஒளிச்சேர்க்கை என்பதன் ஆங்கிலச் சொல்லை இட்டுப் பார்த்தால் அதற்கும் இதே நடைதான். அதாவது இந்தச் சொற்களைப் பெரும்பாலும் தேடுவது மாணவர்களும் ஆசிரியர்களும். தேட வேண்டிய கட்டாயம் இருக்கும்போது தேடுகிறார்கள். ‘படைப்பாற்றலுக்கும் புத்தாக்கத்துக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக’ என்று ஒரு வினாத்தாள் கேட்கிறது. பிள்ளைகள் விடை தேடுகிறார்கள். விடுமுறை விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். இதில் பிள்ளைகளின் குற்றம் ஏதுமில்லை. கேள்வி அவர்களுடையதாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ட்ரெண்ட்ஸ் வருவதற்கு அரைநூற்றாண்டுக்கும் முன்பே, சொல்லை எண்ணி நாட்டத்தை அளக்கும் இதே வேலையை ஒருவர் செய்திருக்கிறார். 1950 செப்டம்பர் 5 அன்று பென்சில்வேனியா ஸ்டேட் காலேஜில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக ஜே. பி. கில்ஃபோர்டு ஆற்றிய உரையின் தலைப்பே ‘கிரியேட்டிவிட்டி’தான். உளவியல் ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் ‘சைக்கலாஜிகல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ தொடங்கிய காலத்திலிருந்து 23 ஆண்டுகளின் அட்டவணையை அவர் புரட்டியிருந்தார். சுமார் 1,21,000 தலைப்புகள். அவற்றில் படைப்பாற்றலைப் பற்றியவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை 186. ஆயிரத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. இந்தப் புறக்கணிப்பு அதிர்ச்சி தருகிறது என்பதுதான் அவருடைய வாதத்தின் அச்சு. படைப்பாற்றலின் மீதுள்ள நாட்டத்தை அட்டவணையில் சொல் தேடி அளந்த முன்னோடிக் கணக்குகளில் ஒன்று என்று அதைச் சொல்லலாம்.

அதன் விளைவு பெரிது. கில்ஃபோர்டு இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுப்பதற்கான உளச் சோதனைகளில் வேலை செய்தவர். போருக்குப்பின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஆய்வுத் திட்டத்துக்குக் கடற்படை பணம் தந்தது. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கப் பள்ளிகள் ஏன் பின்தங்கின என்ற கேள்வி கிளம்பியது. எதிரியைவிட வேகமாகப் புதியதை யோசிக்கும் மூளைகளைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் படைப்பாற்றல் தேசப் பாதுகாப்பின் பகுதியாயிற்று. சோதனைகள் வந்தன. ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், முடிந்த அளவு சொல் என்ற புகழ்பெற்ற கேள்வி அந்த மரபிலிருந்து வந்ததுதான். இன்று அந்தக் கேள்விக்கு விடையை இணையத்தில் நீளப் பட்டியலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கில்ஃபோர்டின் கணக்கு தன்னளவில் சரி. உளவியலாளர்கள் அதைப் பற்றி எழுதவில்லைதான். ஆனால் அவர் எண்ணிய அதே 23 ஆண்டுகளில், 1927க்கும் 1950க்கும் இடையில், அதே நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டியூக் எல்லிங்டனும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1940களின் தொடக்கத்தில் ஹார்லத்தில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இரவு விடுதியில், தங்கள் கூலி வாசிப்பு முடிந்தபிறகு கூடிய கருப்பினக் கலைஞர்கள் ஜாஸின் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். தெலோனியஸ் மங்க் பியானோவில் இருந்தார், கென்னி கிளார்க் டிரம்ஸில். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வந்து சேர்ந்துகொள்வார்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. நம் காலத்தின் மின்னணுக் கருவிகள் அதன் வாரிசுகள். ஒரு சமூகம் அசாதாரணமாகப் படைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் அறிவுத்துறை அட்டவணையில் அந்தச் சொல்லுக்கு 186 இடங்கள்தாம். மங்க் பியானோவின் முன் அமர்ந்தபோது அவருக்கு இருந்த கேள்வி படைப்பாற்றல் என்றால் என்ன என்பதாக இருந்திருக்க முடியாது. இந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் அந்த ஸ்வரத்தை வைத்தால் என்ன ஆகும் என்பது போன்ற ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு சொல் உச்சத்துக்குப் போவது அதன்மேல் உள்ள அன்பினால்தான் என்றும் இல்லை. புத்தாக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டுகளாக வசைச்சொல்லாக இருந்ததைக் கனடிய ஆய்வாளர் பெனுவா கொதான் விரிவாக எழுதியிருக்கிறார். 1636 நவம்பர் 5 அன்று லண்டனில் ஹென்றி பர்ட்டன் என்ற பியூரிட்டன் போதகர், வழிபாட்டில் முன்பு இல்லாத புதுமைகளை ஆயர்கள் புகுத்துகிறார்கள் என்று பிரசங்கித்தார். ஆயர்களின் தரப்பு அதே குற்றச்சாட்டை அவர்மீதே திருப்பியது. 1637இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் அவருடைய காதுகளை அறுக்கவும் அவரை ஆயுள் முழுக்கச் சிறையில் அடைக்கவும் தீர்ப்பளித்தது. அன்று ஒரு ட்ரெண்ட்ஸ் இருந்திருந்தால் அந்த ஆண்டில் இன்னொவேஷன் என்ற சொல் 100ஐத் தொட்டிருக்கும். அச்சத்தினாலும் ஆத்திரத்தினாலும் தொட்டிருக்கும்.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. மக்கள் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் எங்கே பரவுகிறது என்று சொல்லிவிடலாம் என்று கூகுள் 2008இல் ஒரு சேவையைத் தொடங்கியது. சில காலம் நன்றாகவே பொருந்தியது. 2011 ஆகஸ்ட் தொடங்கி 108 வாரங்களில் 100 வாரங்கள் உண்மை நிலையைவிட அதிகமாகக் கணித்தது என்று 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரை காட்டியது. 2015இல் அந்தச் சேவை நின்றுபோனது. நோயுற்றவர் தேடுகிறார், செய்தி பார்த்துப் பயந்தவரும் தேடுகிறார். தேடுபெட்டிக்கு இருவரும் ஒன்றுதான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் இந்தச் சொற்களைச் சுற்றித்தான் இப்போது கல்வியும் பணமும் நகர்கின்றன. 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டை இந்தியா புத்தாக்கப் பத்தாண்டாக அறிவித்தது. சாம் பிட்ரோடா தலைமையில் ஒரு தேசியப் புத்தாக்கக் குழு அமைந்தது. ஆட்சி மாறியபின் 2016இல் அடல் புத்தாக்க இயக்கம் வந்தது. 2018இல் மத்தியக் கல்வித் துறையில் இதற்கென்று ஒரு பிரிவு தொடங்கி, கல்லூரிதோறும் புத்தாக்கக் குழு அமைக்கச் சொன்னார்கள். அவற்றுக்கு நட்சத்திர மதிப்பீடும் தருகிறார்கள். நம் மாநிலத்திலும் புத்தொழில், புத்தாக்க இயக்கம் இருக்கிறது. இவற்றில் நல்லவை உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாலிடரிங் அயர்னும் சென்சாரும் கிடைப்பதை நான் மனதார வரவேற்கிறேன். கவலை வேறிடத்தில். சொல்லுக்கு மதிப்பெண் என்று ஆனதும் சொல்லுக்கான நிகழ்ச்சிகள் பெருகுகின்றன: கருத்தரங்கு, வார விழா, உறுதிமொழி, பதாகையுடன் புகைப்படம், ஆண்டறிக்கையில் ஒரு பத்தி. அந்தக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் பழுதான கருவியைப் பிரித்துப் பார்க்க மாணவருக்கு அனுமதி உண்டா என்பதை எந்தக் கட்டமும் கேட்பதில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம்தான் அங்கே ஆட்சி செய்கிறது. புதியதைச் செய்யும் மனம் வளர வேண்டுமென்றால் அந்தப் பயத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

அப்படியென்றால் மக்களுக்கு உண்மையில் நாட்டம் இல்லையா? இருக்கிறது. அது வேறு பெயர்களில் இருக்கிறது. ‘கோலம்’ என்று ஆங்கில எழுத்தில் இட்டு இந்தியாவின் கோட்டைப் பாருங்கள். ஆண்டு முழுதும் தாழ்ந்து ஓடும் கோடு மார்கழியில் எழத் தொடங்கி, பொங்கலையொட்டி ஜனவரி நடுவில் கோபுரமாக நிற்கிறது. ரங்கோலிக்குத் தீபாவளியில், அத்தப்பூக்களத்துக்கு ஓணத்தில். பள்ளியும் கல்லூரியும் விடுமுறையில் இருக்கும் நாட்கள்தாம் இவற்றில் பல. படைப்பு என்ற சொல்லை விட்டுவிட்டு மக்கள் வீட்டுக்குப் போகிறார்கள், வீட்டு வாசலில் எதையோ வரைவதற்காக அதே தேடுபெட்டிக்குத் திரும்பி வருகிறார்கள். 2020இன் ஊரடங்கு மாதங்களிலும் இதுதான் நடந்தது. உலகமெங்கும் புளித்த மாவு ரொட்டிக்கான தேடல் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. வகுப்பு இல்லை, அலுவலகம் இல்லை. கை சும்மா இருக்க மறுத்தது.

கோலத்தைத் தேடுவது நகலெடுப்பதுதானே, அதில் படைப்பு எங்கே என்று கேட்கலாம். கேட்பவர் கோலம் போட்டிருக்க மாட்டார். எங்கள் வீட்டில் பழைய கோல நோட்டு ஒன்று உண்டு. கட்டம் போட்ட தாளில் பால்பாயின்ட் பேனாவால் வைத்த புள்ளிகள், பக்கத்தில் ‘15 புள்ளி, இடுக்கு, 8இல் முடிய’ என்ற குறிப்பு, ஒரு மூலையில் அதைக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவின் பெயர். மார்கழி வந்தால் மகளிர் இதழ்கள் கோலங்களுக்கென்றே பக்கம் ஒதுக்கின. நோட்டும் இதழும் செய்த வேலையை இப்போது கைபேசி செய்கிறது. அன்றும் இன்றும் பார்த்ததை அப்படியே போட்டுவிட முடிவதில்லை. வாசல் அந்த அளவுக்கு இருக்காது. நடுவில் சாக்கடை மூடி இருக்கும். 15 புள்ளியை 11 ஆக்க வேண்டும், ஆக்கினால் கோணம் மாறும், சிக்குக் கோலமென்றால் இழை ஓரிடத்தில் மூடாமல் நிற்கும். விடிவதற்குள் அதை மூடியாக வேண்டும். விரலிடுக்கில் மாவு வழிந்துகொண்டிருக்கும்போது நடக்கும் அந்தக் கணக்கை நான் எந்த வரையறையும் இல்லாமல் படைப்பு என்று சொல்வேன். ஜாக்கெட் டிசைன், மருதாணி டிசைன், நவராத்திரிக்கு ஒன்பது நாளும் வேறு வேறு சுண்டல் என்று தேடுகிறவர்களையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்.

புத்தாக்கத்துக்கும் இது பொருந்தும். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1990களின் இறுதியில் மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்ய முனைந்தபோது பஞ்சை வைத்துத்தான் தொடங்கினார். அது ஈரத்தைத் தாங்கவில்லை. கடையில் விற்கும் நாப்கினுக்குள் இருப்பது என்ன என்ற ஒரே கேள்வியின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். பஞ்சு போலத் தெரிந்தது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று தெரிந்தபிறகுதான், அதை அரைத்து அழுத்திச் சுத்தம் செய்யும் எளிய இயந்திரத்தை அவரால் உருவாக்க முடிந்தது. 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்குப் பரிசு கிடைத்தது. புத்தாக்கம் என்ற பெயர் அதன்மேல் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். அந்த ஆண்டுகளில் அவர் மனதில் ஓடியது பொருளின் பெயர், அதை விற்பவரின் பெயர், அரைக்கும் வழி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட, பட்டறையில் வேலை செய்த ஒருவருடைய அந்தத் தேடலை இன்று இணையத்தில் நிகழ்த்தினாலும் அது எந்தப் புத்தாக்கக் கோட்டையும் ஓர் இழைகூட உயர்த்தாது. மரக்கூழ் என்ற வரியில் போய்ச் சேரும். அங்கே அதைப் பார்க்க யாரும் போவதில்லை.

பார்க்கப் போனவர்கள் சிலர் இருந்தார்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், கணித அறிஞர்களான ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலங்களைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். கணினி மொழிகளுக்கு இலக்கணம் எழுதும் முறை சொற்சரங்களுக்குத்தான் அப்போது நன்கு வளர்ந்திருந்தது. படங்களுக்கு அப்படி ஓர் இலக்கணம் எழுத முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. கோலம் போடும் பெண்களின் படைப்பாற்றலுக்கு மதிப்பெண் இட அவர்கள் முயலவில்லை. புள்ளி எப்படி அடுக்கப்படுகிறது, எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது, சின்னக் கோலம் எந்த விதியால் பெரிய கோலமாக வளர்கிறது என்று பார்த்தார்கள். எழுதி வைக்காத விதிகள் அங்கே இருந்தன. அளவில் முடிந்துவிடுபவை, ஒழுங்காக நீள்பவை, ஒரு பகுதியின் வளர்ச்சி இன்னொரு பகுதியைப் பொறுத்திருப்பவை என்று கோலங்களை இலக்கண வகைகளாகப் பிரித்தார்கள். அணிவடிவ இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1974இல் கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. படமொழிகளை ஆராயும் கணினியியலில் ‘கோலம் அர்ரே கிராமர்’ என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.